இல்லங்களை அரங்காக்கிய இயக்குநர்

ருடால்ப் கார்ட்டியரின் நாடகப் பணி

நாடகம் பழைய கலை; தொலைக்காட்சி புதிய கருவி. புதிய கருவி ஒன்று தோன்றும்போதெல்லாம் பழைய கலை அழிந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. பழைய கலையை அப்படியே எடுத்துப் புதிய கருவியில் ஏற்றிவிட்டால் போதும் என்று எண்ணுவோரும் உண்டு. இவ்விரு எண்ணங்களும் பிழையானவை என்பதைத் தம் தொழிலால் மெய்ப்பித்தவர் ருடால்ப் கார்ட்டியர். வியன்னாவில் மேடைக் கலை பயின்று, இலண்டனில் தொலைக்காட்சி நாடகத்தை வளர்த்த இயக்குநர் அவர். பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமாகிய பி.பி.சி.யில் 1952 முதல் 1976 வரை 24 ஆண்டுகள் பணியாற்றி, 120-க்கும் மேற்பட்ட நாடகங்களையும் இசை நாடகங்களையும் உருவாக்கினார். அவற்றுள் பல இன்று எவராலும் காண இயலாதவை. எனினும் தொலைக்காட்சி நாடக வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் அவர் பெயரைக் கடந்து செல்ல முடியாது.

வியன்னாவில் பெற்ற பயிற்சி

கார்ட்டியர் 1904-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் வியன்னா நகரில் பிறந்தார். முதலில் கட்டடக் கலை பயிலத் தொடங்கிய அவர், பின்னர் அதைவிட்டு வியன்னாவின் இசை நாடகக் கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசானாக வாய்த்தவர் மேக்ஸ் ரைன்ஹார்ட்.

ரைன்ஹார்ட் யார் என்பதை அறிந்தால்தான் மாணவரின் போக்கு விளங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் மொழி நாடக உலகின் தலைமகனாக விளங்கியவர் அவர். ஷேக்ஸ்பியரின் நாடகத்தைச் சுழல் மேடையில் நடத்தினார். கிரேக்கரின் ஈடிப்பஸ் நாடகத்தைச் சர்க்கஸ் அரங்கில் பெருங்கூட்டத்தை வைத்து நடத்தினார். 1920-இல் சால்ஸ்பர்க் நகரப் பேராலயத்தின் முன்றிலையே மேடையாக்கி நாடகம் போட்டார். நாடகத்துக்கு இவ்வளவுதான் இடம் என்று எவரும் எல்லை வகுக்க முடியாது என்பதே அவர் செயலால் காட்டிய பாடம். ஒளி, இசை, கூட்டம், அமைதி ஆகிய அனைத்தும் இயக்குநரின் மொழி என்று அவர் கொண்டார். இப்பாடம் கார்ட்டியரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. கட்டடக் கலை பயின்ற கண்ணும் வீண்போகவில்லை. ஒரு சிறு கூடத்துக்குள் எத்தனை இடங்களை அடக்கலாம் என்று கணக்கிட வேண்டிய வேலை பின்னாளில் அவருக்கு வந்து சேர்ந்தது.

நாடிழந்த காலம்

1920-களின் இறுதியில் அவர் பெர்லினுக்குச் சென்று திரைக்கதை எழுதலானார். ஊஃபா என்னும் பெரிய படநிறுவனத்தில் பணி கிடைத்தது. 1933-ஆம் ஆண்டு அவர் இயக்கிய முதற்படம் வெளிவந்தது. அதே ஆண்டில் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றினார். யூதக் குடியிற் பிறந்த கார்ட்டியருக்கு ஜெர்மனியில் இடமில்லாமற் போயிற்று. ஊஃபாவில் உடன் பணியாற்றிய பில்லி வைல்டரின் ஊக்குவிப்பால் அவர் அமெரிக்கா சென்றார். வைல்டர் ஹாலிவுட்டில் பெரும்புகழ் பெற்றார். கார்ட்டியருக்கோ அங்கே வாய்ப்பு அமையவில்லை. 1935-இல் இங்கிலாந்தில் வந்து குடியேறினார். ஐரோப்பாவில் இருந்த அவர் அன்னை நாஜிகளின் படுகொலையில் மாண்டார்.

இங்கிலாந்திலும் அவருக்கு உடனே வாழ்வு மலர்ந்துவிடவில்லை. போருக்குப் பின்னர் 1948-இல் வெளிவந்த ஒரு படத்துக்குத் திரைக்கதையில் பங்கேற்றுத் தயாரிப்பும் செய்தார். நிலையான தொழில் அமைந்தபோது அவருக்கு வயது 48. பிறர் பாதி வாழ்நாளைக் கடந்துவிட்டோம் என்று களைத்து உட்காரும் வயதில் அவர் தம் உண்மையான பணியைத் தொடங்கினார்.

1952-இல் தொலைக்காட்சி நாடகம்

பி.பி.சி.யின் தொலைக்காட்சி 1936 நவம்பரில் இலண்டன் அலெக்சாண்டிரா அரண்மனையிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியது. போர் மூண்டதும் 1939-இல் நிறுத்தப்பட்டு, 1946 ஜூனில் மீண்டும் தொடங்கியது. அக்காலத் தொலைக்காட்சி நாடகத்தின் நிலையை இன்று எண்ணிப் பார்ப்பது எளிதன்று. நாடகம் நேரடியாகவே நடிக்கப்பட்டது. ஒரே கூடத்தில் வீடும் தெருவும் சிறையும் அடுத்தடுத்து அமைக்கப்பட்டிருக்கும். ஓரிடத்தில் பேசி முடித்த நடிகர், காமிரா வேறொருவர் முகத்தில் நிற்கும் சில நொடிகளுக்குள் ஓசைபடாமல் அடுத்த இடத்துக்கு ஓடிச் சேர வேண்டும். வசனம் மறந்தாலும், கதவு திறக்க மறுத்தாலும் அது அப்படியே இல்லங்களுக்குச் சென்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை நடித்த நாடகத்தை வியாழக்கிழமை மீண்டும் காட்ட வேண்டுமானால், நடிகர்கள் அனைவரும் திரும்பி வந்து மறுபடியும் நடிப்பார்கள்.

இவ்வளவு இடர்ப்பாடு இருந்ததால், பலர் துணிவான முயற்சிகளில் இறங்கவில்லை. இலண்டன் மேடையில் வெற்றி பெற்ற நாடகங்களைப் பெரும்பாலும் உள்ளபடியே காமிராவின் முன் நடத்தினார்கள். சிறிய திரைக்குச் சிறிய செய்தியே பொருந்தும் என்றும், இரண்டு மூன்று பேர் அறைக்குள் உரையாடுவதே அதற்கு ஏற்றது என்றும் ஒரு கொள்கையே உருவாகியிருந்தது.

1952-இல் பி.பி.சி. தொலைக்காட்சி நாடகப் பிரிவுக்கு மைக்கேல் பாரி தலைவரானார். அவர் கார்ட்டியரை நேர்காணலுக்கு அழைத்தார். வேலை கேட்டுச் சென்றவர், அந்நிறுவனத்தின் நாடகங்கள் மிக மோசமாக இருக்கின்றன என்று தலைவரின் முகத்துக்கு நேரே கூறினார். புதிய எழுத்தும் புதிய அணுகுமுறையும் வேண்டும் என்றார். பாரி சினம் கொள்ளவில்லை; அவருக்கே அவ்வேலையைக் கொடுத்தார். குறையைச் சொன்னவரிடமே அதை நீக்கும் பொறுப்பை ஒப்படைத்த பாரியின் பெருந்தன்மையும் இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

கார்ட்டியரின் முதல் நாடகம் அதே ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் ஒளிபரப்பாயிற்று. ஜெர்மன் எழுத்தாளர் ஆல்பிரெக்ட் கோஸின் கதை அதற்கு அடிப்படை. போர்க்களத்தை விட்டு ஓடிய ஒரு ஜெர்மன் படைவீரனுக்கு மரண தண்டனை. அவனுடைய கடைசி இரவில் துணையிருக்க அனுப்பப்படுகிறார் ஒரு படைக்குரு. போர் முடிந்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜெர்மானியரால் நாடிழந்து தாயிழந்த ஒருவர், ஜெர்மானியரின் மனச்சான்றைப் பற்றிய கதையைத் தம் முதற்படைப்பாகத் தேர்ந்தார். அவருடைய நாடகப் பணி முழுமைக்கும் அது முன்னுரையாக அமைந்தது.

எழுத்தாளர் துணை

அந்நாடகத்தின் உரையாடலைச் செப்பனிட பாரி அமர்த்திய இளைஞர் நைஜல் நீல். மேன் தீவைச் சேர்ந்தவர். அப்போது அவருக்கு வயது முப்பது. இயக்குநரும் எழுத்தாளரும் ஒருவருக்கொருவர் ஏற்ற துணையாயினர். 1953-ஆம் ஆண்டு ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 22 வரை சனிக்கிழமை தோறும் ஆறு பகுதிகளாக வந்த ‘குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ இவர்களின் முதற்பெரும் வெற்றி.

மூவர் ஏறிச் சென்ற விண்கலம் பூமிக்குத் திரும்புகிறது; உள்ளே ஒருவரே இருக்கிறார். அவரும் மெல்ல மெல்ல மனித உருவை இழந்து வேறொன்றாக மாறுகிறார். இதுதான் கதை. இதை நேரடி ஒளிபரப்பில் காட்ட அவர்களிடம் இருந்தவை, 1936-இல் ஒளிபரப்புத் தொடங்கிய நாள் முதல் உழைத்துத் தேய்ந்த காமிராக்கள். இறுதிக் காட்சியில் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் உள்ளே மாபெரும் உயிரொன்று படர்ந்து நிற்க வேண்டும். நீல் பேராலயத்தின் உட்புறத்தைக் காட்டும் பெரிய புகைப்படத்தில் துளையிட்டு, இலைதழைகள் ஒட்டிய கையுறைகளை அணிந்து, தம் கைகளையே அதன் வழியே நீட்டி அசைத்தார். அவ்வளவே தந்திரம்! ஆனால் நாடெங்கும் மக்கள் அதைக் கண்டு நடுங்கினர்.

அந்நடுக்கத்துக்குக் காரணம் கையுறையன்று. அதே ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் அப்பேராலயத்தில்தான் இரண்டாம் எலிசபெத் அரசியாருக்கு முடிசூட்டு விழா நடந்தது. அதைக் காண்பதற்கென்றே பலர் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியிருந்தனர். பதினொரு வாரங்களுக்கு முன்பு முடியும் செங்கோலும் கண்ட அதே இடத்தில், அதே பெட்டியில், இப்போது மனித இனத்தின் அழிவு படர்ந்து நின்றது. முடிவில் அவ்வுயிரைக் கொல்வது துப்பாக்கியுமன்று, வெடிகுண்டுமன்று. அதனுள் இன்னும் மிஞ்சியிருக்கும் மூன்று மனிதர்களின் உள்ளத்தை நோக்கி அறிஞர் குவாட்டர்மாஸ் பேசுகிறார். மனிதத் தன்மை விழித்தெழுந்து வெல்கிறது. அறிவியல் கதைபோல் தோன்றினாலும், உள்ளே இருந்தது மேடை நாடகத்தின் பழைய உயிர்நாடியாகிய மனச்சான்றின் போராட்டமே.

நாட்டை உலுக்கிய ஒரு ஞாயிறு

கார்ட்டியரின் பெயரை நிலைநிறுத்தியது 1954 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை இரவு நடந்த நாடகம். இந்தியாவில் பீகாரின் மோத்திஹாரியில் பிறந்து ஆங்கில இலக்கியத்தில் புகழ் பெற்ற ஜார்ஜ் ஆர்வெல், ‘1984’ என்னும் நாவலை 1949-இல் வெளியிட்டார். மறு ஆண்டு ஜனவரியில் மறைந்தார். அந்நாவலை நீல் நாடகமாக்க, கார்ட்டியர் இயக்கினார். குடிமகனின் சொல்லையும் செயலையும் மட்டுமன்றி எண்ணத்தையும் ஆளத் துடிக்கும் கொடுங்கோல் அரசு. அதன்கீழ் நசுங்கும் வின்ஸ்டன் ஸ்மித் என்ற எளிய மனிதன். வின்ஸ்டனாக பீட்டர் குஷிங் நடித்தார். அவன் காதலியாக யுவோன் மிச்சலும், அவனை வதைக்கும் அதிகாரியாக ஆந்திரே மோரலும் நடித்தனர்.

ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீண்ட இந்நேரடி நாடகத்தில் ஓர் அரசு முழுவதையும் காட்ட வேண்டியிருந்தது. ‘சிறிய திரைக்குச் சிறிய செய்தி’ என்னும் கொள்கையைக் கார்ட்டியர் இங்கே முழுமையாகக் கைவிட்டார். வெளியிடங்களில் முன்னரே படமெடுத்த பகுதிகளை நேரடி நடிப்பின் இடையிடையே பொருத்தினார். நகரின் இடிபாடுகள் கண்முன் விரிந்தன. அதே நேரத்தில் கூடத்தில் இருந்த நடிகர்களுக்கு உடை மாற்றவும் இடம் மாறவும் பொழுது கிடைத்தது. இசையும் இசைத்தட்டிலிருந்து வரவில்லை. ஜான் ஹாட்ச்கிஸ் அமைத்த இசையை இசைக்குழுவினர் அருகிலிருந்த கூடத்தில் நாடகத்தோடு ஒத்து உடனுக்குடன் வாசித்தனர்.

எல்லாவற்றினும் ஆழமான உத்தி ஒன்று கதையிலேயே இருந்தது. ஆர்வெல் காட்டிய நாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு திரை உண்டு. அது வீட்டாருக்குக் காட்சி காட்டுவதோடு நில்லாமல் வீட்டாரை இடைவிடாது கண்காணிக்கவும் செய்யும். நாவலைப் படிப்பவர் இதைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். தொலைக்காட்சியில் பார்த்தவருக்கோ அந்தத் திரை தம் கூடத்திலேயே இருந்தது. சர்வாதிகாரியின் முகம் அதிலிருந்து தம்மையே உற்று நோக்கியது. மேடையோ படக்கொட்டகையோ தர முடியாத அனுபவம் இது. கருவியின் தன்மையையே நாடகத்தின் பொருளாக்கியதில்தான் கார்ட்டியரின் தனித்திறமை விளங்கியது.

மறுநாள் நாட்டில் பெரும் கிளர்ச்சி எழுந்தது. ஞாயிறு மாலையில் வீட்டுக்குள் இத்தகைய வதைக் காட்சிகளா என்று பலர் சினந்தனர். நாடாளுமன்ற உறுப்பினர் ஐவர் கண்டனத் தீர்மானம் கொடுத்தனர். அதை மறுத்து நாடகத்துக்கு ஆதரவாக வேறு உறுப்பினர்களும் திருத்தங்கள் கொடுத்தனர். கார்ட்டியருக்குக் கொலை மிரட்டல் வந்தது. அவருக்குப் பாதுகாவலர் அமர்த்தப்பட்டனர். வியாழக்கிழமை மறு நடிப்பைக் கைவிட வேண்டும் என்ற நெருக்குதல் வலுத்தது. இந்நிலையில் அரசியாரும் தாமும் நாடகத்தைக் கண்டு சுவைத்ததாக இளவரசர் பிலிப் வெளிப்படையாகவே கூறினார். பி.பி.சி. பின்வாங்கவில்லை. டிசம்பர் 16-ஆம் நாள் மைக்கேல் பாரியே திரையில் தோன்றி முன்னுரை கூற, நடிகர்கள் நாடகம் முழுவதையும் மீண்டும் நடித்தனர். ஏறத்தாழ 70 இலட்சம் மக்கள் அதைக் கண்டனர். முடிசூட்டு விழாவுக்குப் பின் அத்தனை பேர் ஒரே நிகழ்ச்சியைக் கண்டது அதுவே முதல் முறை.

கொடுங்கோன்மையை ஏட்டில் படித்து அறிந்தவரல்லர் கார்ட்டியர், அதனால் விரட்டப்பட்டவர். அந்த ஞாயிறு அவர் அமைதியான ஆங்கில இல்லங்களுக்குள் கொண்டு சென்றது வெறும் கற்பனையன்று.

இசை நாடகமும் வரலாற்று நாடகமும்

இவ்வெற்றிக்குப் பின்னர் அவர் ஒரே வகையில் தேங்கிவிடவில்லை. குவாட்டர்மாஸ் கதையின் இரண்டாம் தொடர் 1955-இலும், மூன்றாம் தொடர் 1958-59-இலும் வந்தன. 1957-இல் தொலைக்காட்சித் தயாரிப்பாளர், இயக்குநர் சங்கத்தின் விருது அவருக்குக் கிடைத்தது. மேடையில் மட்டுமே வாழ்ந்துவந்த ஆப்பரா என்னும் இசை நாடகத்தை அவர் இல்லங்களுக்குக் கொண்டுவந்தார். மெனோட்டி, ஸ்ட்ராஸ், வெர்டி, பிசே ஆகியோரின் படைப்புகளை நடத்தினார். ஆர்தர் பிளிஸ் தொலைக்காட்சிக்கென்றே இயற்றிய இசை நாடகத்தை 1960-இல் இயக்கினார். பெர்டோல்ட் பிரெக்டின் ‘மதர் கரேஜ்’ நாடகத்தை 1959-இல் புளோரா ராப்சனை வைத்து நடத்தினார். 1961-இல் டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’ கதையில் கிளேர் புளூமும் ஷான் கானரியும் நடித்தனர். பின்னர் உலகப் புகழ் பெற்ற கானரி அப்போது வளர்ந்துவரும் நடிகர்.

அறுபதுகளில் அவர் தம் காலத்து வரலாற்றையே நாடகமாக்கத் தொடங்கினார். ஸ்டாலின்கிராட் போர் 1963-இலும், ஹிட்லரைக் கொல்ல ஜெர்மன் அதிகாரிகள் 1944 ஜூலையில் செய்த சதி 1964-இலும், யூதரின் உயிருக்கு விலையாக லாரிகள் கேட்ட ஐக்மனின் பேரத்தைச் சுமந்து சென்ற ஜோயல் பிராண்டின் கதை 1965-இலும் நாடகங்களாயின. இவ்வரிசையில் முதன்மையானது 1962-இல் வந்த ‘டாக்டர் கோர்ச்சாக்கும் குழந்தைகளும்’. வார்சா நகரில் அனாதைக் குழந்தைகள் இல்லம் நடத்திய மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக், 1942 ஆகஸ்டில் நாஜிகள் குழந்தைகளைக் கொலைமுகாமுக்குக் கொண்டு சென்றபோது, அவர்களைப் பிரிய மறுத்துத் தாமும் உடன் சென்று மாண்டவர். ஜெர்மன் நாடக ஆசிரியர் எர்வின் சில்வானஸ் எழுதிய இந்நாடகம், நடிகர்கள் வெற்று மேடையில் கூடி ஒத்திகை பார்ப்பதுபோல் அமைந்தது. கூட்டமும் இசையும் கொண்டு பெரும் காட்சிகளை அமைத்த இயக்குநர், இங்கே அத்தனையையும் நீக்கிவிட்டார். கொலைக்களத்தை அலங்கரிக்க அவர் விரும்பவில்லை. பெரிதாகக் காட்டத் தெரிந்தவருக்குக் காட்டாமல் விடவும் தெரிந்திருந்தது.

மாறிய காலம்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தொலைக்காட்சி கால்வைத்த 1963-ஆம் ஆண்டே இலண்டனில் ஒரு தலைமுறை மாற்றத்தையும் கண்டது. கனடாவிலிருந்து வந்த சிட்னி நியூமன் பி.பி.சி. நாடகப் பிரிவின் தலைவரானார். அதுவரை தயாரிப்பாளரும் இயக்குநரும் ஒருவரே. கதையைத் தேர்வதும் நடத்துவதும் அவர் கையில் இருந்தன. நியூமன் அப்பணிகளை இரண்டாகப் பிரித்தார். அன்றாட பிரிட்டிஷ் வாழ்வைக் கூறும் புதிய எழுத்துக்கு முதலிடம் தந்தார். கார்ட்டியர் இயக்குநராகத் தொடர்ந்தார். எனினும் தாமே திட்டமிட்டுத் தாமே முடிக்கும் பழைய உரிமை குறைந்தது. 1976-இல் கால்ஸ்வொர்தியின் ‘லாயல்டீஸ்’ நாடகத்தோடு அவர் பணி நிறைவுற்றது. உயர்குடி ஆங்கிலேயரிடையே மறைந்திருக்கும் யூத வெறுப்பைக் காட்டும் நாடகம் அது. 1994 ஜூன் 7-ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில் கார்ட்டியர் மறைந்தார். தொலைக்காட்சிக்கே எழுதிப் புகழ்பெற்ற டென்னிஸ் பாட்டரும் அதே நாளில் மறைந்ததால், முதியவரின் மறைவு நாட்டின் கவனத்தை அதிகம் பெறவில்லை.

அழிந்தவையும் நிலைத்தவையும்

நேரடி ஒளிபரப்பைப் பதிவு செய்ய அக்காலத்தில் இருந்த வழி, ஒளிபரப்பைக் காட்டும் ஒரு திரையின் முன் படக் காமிராவை நிறுத்திப் படமெடுப்பதுதான். குவாட்டர்மாஸ் முதல் தொடரை அவ்வாறு பதிவு செய்தபோது தரம் மனநிறைவு தரவில்லை. இரண்டாம் பகுதியின் பதிவில் திரைமேல் ஒரு பூச்சி ஊர்வதுகூடப் படமாகிவிட்டது! ஆதலால் முதல் இரண்டு பகுதிகளோடு பதிவை நிறுத்திவிட்டார்கள். மற்ற நான்கு பகுதிகளும், பேராலயக் காட்சி உட்பட, ஒளிபரப்பான இரவோடு மறைந்தன. பின்னர் ஒளிப்பேழை நாடாக்கள் வந்தபோதும் நிலைமை பெரிதும் திருந்தவில்லை. நாடா விலை மிகுந்த பொருள். ஒரு நிகழ்ச்சியை அழித்து அதன்மேல் மற்றொன்றைப் பதிவது அக்கால வழக்கம். நாடகம் என்பது நடந்து முடிந்துவிடும் பொருள் என்ற மேடைக் கால எண்ணமே தொலைக்காட்சியிலும் நீடித்தது.

‘1984’ தப்பியது எதிர்ப்பாளர் அஞ்சிய அந்த மறு நடிப்பால். வியாழக்கிழமை நடந்த அம்மறு நடிப்பே பதிவாகிக் காப்பாற்றப்பட்டது. பி.பி.சி. மிரட்டலுக்குப் பணிந்து நாடகத்தைக் கைவிட்டிருந்தால், இன்று அது பெயரளவில் மட்டுமே எஞ்சியிருக்கும். 2000-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் தொகுத்த நூறு சிறந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பட்டியலில் அது இடம் பெற்றது. 2005 ஏப்ரலில் குவாட்டர்மாஸ் முதற்கதையை பி.பி.சி. மீண்டும் நேரடியாகவே நடத்திக் காட்டியது. பதிவும் திருத்தமும் எளிதாகிவிட்ட காலத்திலும், தவறினால் திருத்த முடியாது என்ற அந்தப் பழைய மேடை அச்சத்தில்தான் நடிப்பின் உயிர் இருக்கிறது என்பதை அது நினைவூட்டியது.

கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். அன்று கூடத்தில் நின்ற பெட்டி இன்று கைக்குள் அடங்கிவிட்டது. திரை எவ்வளவு சிறிதாயினும் அதில் சொல்லத்தகாத பெரும்பொருள் இல்லை என்பதையும், பார்ப்பவரை மகிழ்விப்பதோடு அவர் மனச்சான்றைத் தட்டி எழுப்புவதும் நாடகத்தின் கடன் என்பதையும் கார்ட்டியர் தம் படைப்புகளால் நிறுவினார். அவர் படைப்புகளுள் எஞ்சியவை சிலவே. அவற்றைக் கண்டவர்களுக்கு இவ்விரண்டையும் வேறெவரும் விளக்கிக் கூற வேண்டியதில்லை.